வேங்கைப் பலகையும் முப்பத்தொரு கூடும்

பூந்தமல்லி,
ஜூன் 24.

என் அருமை மகள் மெஹக்குக்கு உன் சாச்சா நூர் முகமது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் சாச்சி ஜமீலாவும் சைமாவும் அல்லாஹ்வின் கிருபையில் சுகமாக இருக்கிறோம், அங்கே நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் பேனாவை எடுத்தேன், அதனால் சம்பிரதாயத்துக்கு நலம் என்று பதில் போட வேண்டாம். பக்ரீத் அன்று உனக்கு ஒன்பது தடவை போன் போட்டேன், உன் சாச்சி பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்து போனுக்கு நேராகக் காட்டத் தயாராக நின்றாள், நீ எடுக்கவில்லை, ஆவி எல்லாம் வீணாகப் போனது. அதற்குப் பிறகு உன் சேதி எல்லாம் சைமா வழியாகத்தான் வருகிறது, அதுவும் நான் அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தால்தான். உனக்கு ஆறு வயதில் என் அண்ணனும் மதினியும் அடுத்தடுத்துப் போனதிலிருந்து உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவன் நான், சைமா பிறப்பதற்கு முன்பே இந்த வீட்டுக்கு மூத்த மகள் நீ, அப்படிப்பட்ட நீ வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதி மேஜைக்குள் வைத்திருக்கிறாய், பத்தாம் தேதி கொடுக்கப் போகிறாய் என்பதை நான் மூன்றாவது ஆளாகக் கேள்விப்பட வேண்டியிருக்கிறது. நான் எழுதுவதைப் படமெடுத்துப் போனில் அனுப்புகிறேன் என்றாள் சைமா, வேண்டாம் என்றேன், போனில் வந்தால் திறக்காமலே கிடக்கும், தபாலில் வந்தால் கவரைக் கிழித்துத்தானே ஆக வேண்டும்.

அங்கே நடந்தது என்ன என்று சைமா சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. உங்கள் பறவைச் சரணாலயத்தில், இங்கிலாந்துக் கடலோரத்தில் கரை போட்டு, கரைக்கு உள்ளே ஆழமில்லாத தண்ணீரைத் தேக்கி, நடுவில் மண்திட்டுகள் வைத்திருக்கிறீர்கள். திட்டில்தான் அந்த மேல்நோக்கி வளைந்த மூக்குள்ள கறுப்பு வெள்ளைப் பறவைகள் முட்டை வைக்கின்றன. தண்ணீர் குறைந்தால் நரி நடந்தே போய் முட்டையைத் தின்றுவிடும், கூடினால் கூடு முழுகிவிடும், இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடம், அந்த நான்கு விரலைக் காப்பாற்றுவதுதான் உன் வேலை. மதகில் பலகை போட்டால் மட்டம் ஏறும், எடுத்தால் இறங்கும். மே மாதம் வெயில் காய்ந்து தண்ணீர் இறங்குகிறதே என்று நரிக்குப் பயந்து நீ ஒரு பலகை கூடுதலாகப் போட்டாய். அந்த நேரம் பார்த்து இரண்டு நாள் மழை, அதோடு அமாவாசை வேலியேற்றம், கடல் ஏறி நின்றால் கடல் பக்கத்துக் கதவு தானாகவே மூடிக்கொள்ளுமாம், உள்ளே பெய்த மழை வெளியே போக வழியில்லை. காலையில் நீ போய்ப் பார்த்தபோது திட்டும் இல்லை, முப்பத்தொரு கூடும் இல்லை. உன் மேலதிகாரி அம்மாள் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லையாம், டீ போட்டுக் கொடுத்தாராம், அதுதான் உனக்குத் தாங்கவில்லையாம். நான்தான் முழுகடித்தேன், இனிமேல் அந்தப் பலகையைத் தொட எனக்குத் தகுதியில்லை என்று சைமாவுக்கு எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடலும் வானமும் சேர்ந்து செய்த வேலைக்கு ஒரு பூந்தமல்லிப் பெண் மட்டும் பொறுப்பு என்றால் அந்த நாட்டில் வேறு ஆளே கிடைக்கவில்லையா.

சரி, என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த இரண்டு மாதத்தில் நானும் பலகை போட்டேன். நீ போனில் பேசிக்கொண்டிருந்த நல்ல காலத்தில், மார்ச்சிலோ ஏப்ரலிலோ, வீடியோவில் உங்கள் மதகைக் காட்டினாயே, இரண்டு பக்கமும் சிமெண்டுத் தூணில் காடி எடுத்து அதில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருந்ததை, அதை நான் ஒரு பார்வையிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டேன். நம் நசரத்பேட்டைச் சித்தேரியில் தண்ணீர் வெளியேறுகிற போக்குவாயிலும் அதே மாதிரி இரண்டு தூணும் காடியும் உண்டு, நடுவிலிருந்த இரும்புப் பலகை துருப்பிடித்துப் போய் நான்கு வருஷம் ஆகிறது, வருகிற தண்ணீர் எல்லாம் கால்வாயில் போய் சர்வீஸ் ரோட்டுக் குழியில் நிற்கிறது, ஏரி பிப்ரவரியிலேயே கிரிக்கெட் மைதானம். குடியிருப்போர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசிப் பேசி நாற்காலி தேய்ந்ததுதான் மிச்சம். சங்கத் தலைவர் ரகுநாதனை உனக்குத் தெரியும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆகி நம் தெருக்கோடியில் வீடு கட்டினாரே, தூத்துக்குடிக்காரர், எதற்கெடுத்தாலும் ஸ்கேலை எடுப்பவர். அவர் மனு எழுதலாம் என்றார். நான் எழுந்து நின்று, என் மகள் இங்கிலாந்தில் கடலையே பலகையால் நிறுத்துகிறாள், இந்தக் குட்டைக்கு மனுவா, ஒரு வாரத்தில் நான் போடுகிறேன் என்று சொன்னேன். கூட்டமே கைதட்டியது, முப்பது பேர் இருக்கும். (பதினொரு பேர் என்று சைமா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், அவள் கடைசி வரிசையில் இருந்தவள், அவளுக்கு எப்படித் தெரியும்.) உன் சாச்சி மட்டும் வீட்டுக்கு வந்ததும், நம்ம ஊட்டு அலமாரிக் கதவு ஆறு மாசமா சாத்த மாட்டேங்குது, இவரு ஏரிக்குக் கதவு போடப் போறாராம், கேளுங்கடி இந்தக் கூத்தை என்று சைமாவிடம் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னாள்.

பட்டறையில் பதினெட்டு வருஷம் காய்ந்த நாட்டு வேங்கை ஒன்று வைத்திருந்தேன், மாங்காட்டில் ஒரு பெரிய வீட்டு வாசல் நிலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை, அதை அறுத்து ஆறு பலகை போட்டேன். நான் செய்கிற கதவைப் பற்றி நான் சொல்லக் கூடாது, வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரிக்குப் போட்ட கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கிற பிரின்சிபாலுக்குப் பைபாஸ் ரோட்டு லாரிச் சத்தம் கேட்காது, அவ்வளவுதான் சொல்வேன். அதே கையால் இந்தப் பலகைகளையும் இழைத்தேன். காடிக்கும் பலகைக்கும் நடுவில் சிகரெட் அட்டை நுழையாது, பலகைக்கும் பலகைக்கும் நாக்கு வைத்து இறுக்கினேன், இறக்கும்போது மரச் சுத்தியலால் அடித்து அடித்துத்தான் இறங்கியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை, மெஹக். ரகுநாதன் ஸ்கேலை வைத்து நோண்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல், தண்ணிக்குப் போடுறதும் வாசலுக்குப் போடுறதும் ஒண்ணா பாய், கழட்டணும்னா எதைப் பிடிச்சுக் கழட்டுவீரு என்று கேட்டார். அழகான பலகையில் இரும்பு வளையம் மாட்டினால் மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கும் என்று நான்தான் மாட்டவில்லை. நீ அந்த வீடியோவில், சாச்சா, பலகை லூசா இருக்கணும், ரெண்டு பக்கமும் கொக்கி இருக்கணும் என்று சொன்னது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. நாற்பது வருஷம் கதவு போட்டவனிடம் லூசாக வை என்றால் எந்தக் காதில் ஏறும். அங்கே கை வேலை தெரிந்த ஆசாரி கிடைக்கவில்லை போலிருக்கிறது, அதனால் லூசாக வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் பலகை போட்டேன், மே மாதத்தில் இரண்டு கோடை மழை, சித்தேரியில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஏரியில் வலை வீசுகிற வீராசாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, பாய், இந்த மாசத்துல இங்க தண்ணி பாத்து எனக்கே மறந்து போச்சு, மெய்யாலுமே நீ கில்லாடிதான் என்றார். அதற்குப் பிறகுதான் அவை வந்தன, குச்சி குச்சியாகச் சிவப்புக் கால் வைத்துக்கொண்டு, நீ பவளக்காலி என்று சொல்லிக் கொடுத்தாயே, அவை. ஏரி நடுவில் மண் அள்ளிவிட்டு மிச்சம் விட்ட மேடு ஒன்று உண்டு, அதன் ஓரத்தில் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பதினான்கு கூடு. வீராசாமிதான் எண்ணிச் சொன்னார். நான் தினம் பஜ்ர் தொழுகைக்குப் பிறகு நேராகக் கரைக்குப் போய் நிற்க ஆரம்பித்தேன். உன் சாச்சிக்கு முட்டி வலி, டாக்டர் நடக்கச் சொன்னார், அவளும் வருவாள், அந்தப் பறவை நம்மைக் கண்டதும் கீக்கீக் என்று கத்துவதைக் கேட்டு, இதுக்கும் என்னைக் கண்டா ஆவல, உங்கள மாதிரியே கத்துது என்பாள். உனக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அதையும் நீ பார்க்கவில்லை. அப்போது உன் கூடுகள் முழுகி ஒரு வாரம் ஆகியிருந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது, தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

போன வாரம் மழை. ஜூன் மாதத்தில் இப்படி ஒரு மழையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை, மெட்ரோ தூண் பாதி வரைக்கும் தண்ணீர் என்று வைத்துக்கொள். மத்தியானம் பிடித்தது, மறுநாள் விடிந்தும் தூறிக்கொண்டிருந்தது. நான் கரைக்குப் போனபோது சாண் இடைவெளி இரண்டு விரலாக ஆகியிருந்தது, மேட்டுக் கரையில் பறவைகள் கூட்டைச் சுற்றிப் புல்லையும் குச்சியையும் இழுத்து இழுத்துப் போட்டுக் கூட்டை உயர்த்திக்கொண்டிருந்தன. மேல் பலகை இரண்டை எடுத்தால் போதும், தண்ணீர் இறங்கிவிடும், ஐந்து நிமிஷ வேலை என்றுதான் நினைத்தேன். கையைப் போட்டு இழுத்தேன், அசையவில்லை. பதினெட்டு வருஷம் காய்ந்த மரம் ஒன்றரை மாதம் தண்ணீர் குடித்துக் காடிக்குள் உப்பி உட்கார்ந்திருந்தது. வாசலில் போட்ட மரத்தை நான் ஒருநாளும் ஏரியில் ஊறப் போட்டதில்லை, எனக்கு அது தோன்றவே இல்லை. வீராசாமி வந்து இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னா பாயி, கல்லு கணக்கா குந்திகினு கீது, இத எப்டி எடுப்பே என்றார். ரகுநாதன் குடையோடு வந்தார், கடப்பாரை கொண்டு வந்தார், பிறகு காரிலிருந்து ஜாக்கி கொண்டு வந்தார், நாங்க டாங்கியையே தூக்கினவங்க பாய், இது எம்மாத்திரம் என்று முட்டுக் கொடுத்துச் சுற்றினார். பலகையின் விளிம்பு நசுங்கியது, ஜாக்கி தண்ணீருக்குள் விழுந்தது, பலகை அப்படியே இருந்தது. ஒரு விரல் தண்ணீர் ஏறிவிட்டது. வேறு வழியில்லை, பட்டறைக்கு ஓடிப்போய்க் கை ரம்பம் எடுத்து வந்தேன். கழுத்தளவு தண்ணீரில் நின்று அறுத்தேன், சரி, இடுப்பளவு. ஈர வேங்கையை அறுத்தவர்களுக்குத்தான் தெரியும் அது ரம்பத்தைக் கவ்விக்கொள்கிற விதம், நான்கு இழுப்புக்கு ஒருதரம் ரம்பத்தை விடுவிக்க வேண்டும். என் கையால் இழைத்ததை என் கையாலேயே அறுத்தேன். ரகுநாதன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, பலகையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் அறுந்ததும் இரண்டு துண்டும் தண்ணீரோடு பிய்த்துக்கொண்டு போயின, அடுத்த பலகையையும் அறுத்தோம், பகல் பன்னிரண்டுக்குள் மட்டம் ஒரு சாண் இறங்கிவிட்டது.

ஊரில் என்ன பேச்சு என்றால், பாய் தனியாளாக ஏரியில் இறங்கிப் பதினான்கு கூட்டையும் காப்பாற்றினார் என்று. டீக்கடையில் சொன்னார்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனபோது நான்கு பேர் கேட்டார்கள், உன் சாச்சியின் தம்பி வீட்டில் இருந்து போன் போட்டுக் கேட்டார்கள். அப்படிச் சொன்னது யார் என்றால் நான்தான். உனக்கு மட்டும் உள்ளதை எழுதுகிறேன். நான் ரம்பத்தோடு வருவதற்குள் தண்ணீர் மேட்டில் ஏறிவிட்டது. ஒன்பது கூடு போய்விட்டது. மிச்சம் ஐந்தும் என்னால் பிழைத்தது இல்லை, நானும் ரகுநாதனும் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வீராசாமி சத்தம் போடாமல் மேட்டுக்கு நடந்து போய், கையால் சேறும் வைக்கோலும் அள்ளிக் கூட்டுக்கு அடியில் கொடுத்துக் கொடுத்து ஐந்தை உயர்த்திவிட்டார், அதற்கு மேல் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் போனபோது முட்டை மூன்று கரையோரக் குப்பையில் கிடந்தது, பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில் கரும்புள்ளி போட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அந்தத் தாய்ப் பறவைகள் மேட்டிலேயே நின்றுகொண்டிருந்தன, கத்தவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உன் சாச்சிக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். உனக்கு முப்பத்தொன்று, எனக்கு ஒன்பது. உன்னுடையது மழையும் கடலும் சேர்ந்து செய்தது, என்னுடையது என் கைத்திமிர் செய்தது, நீ வாய்விட்டுச் சொன்ன பிறகும் செய்தது. இதில் யார் பலகையைத் தொடத் தகுதியில்லாதவர் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா. இனிமேல் சித்தேரிப் பலகைப் பொறுப்பு பாய்தான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன், நிஜமாகத்தான் வேண்டாம் என்றேன். ரகுநாதன்தான், ஒரு தடவை மாட்டிக்கிட்டவருக்குத்தான் பாய் அடுத்த தடவை எங்க மாட்டும்னு தெரியும், புது ஆளைப் போட்டா அவரு முதல்ல இருந்து ஆரம்பிப்பாரு என்றார். வீராசாமி வேறு, இதோட உட்டுட்டுப் பூடாத நைனா, இன்னும் அஞ்சு கூடு கீது என்று சொல்லிவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் ஒரே பேச்சு பேசி நான் இதுவரை கேட்டதில்லை. ஆகவே மாட்டிக்கொண்டேன். அறுபட்ட இரண்டுக்கும் பதிலாகப் புதிதாக இரண்டு பலகை போட்டிருக்கிறேன், மேல் இரண்டும் போனதும் மிச்சம் நான்கையும் நான்கு பேரை வைத்து நெம்பிப் பிடுங்கி எடுத்து இழைத்துவிட்டேன், இப்போது காடிக்குள் ஆடுகிறது, இரண்டு பக்கமும் கொக்கி போட்டிருக்கிறேன், மாட்டுத் தொழுவம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு ஆட வேண்டும் என்று தெரியவில்லை, அரை விரலா முக்கால் விரலா. ஒழுகுவது எவ்வளவு வரைக்கும் சரி. அக்டோபரில் பெருமழை வருவதற்கு முன்னால் பலகையை எடுக்க வேண்டுமா, முதல் மழையைப் பிடித்துக்கொண்டு பிறகு எடுக்க வேண்டுமா. ரகுநாதன் பிறகு என்கிறார், ஸ்கேலைக் காட்டுகிறார். நான் முன்னால் என்கிறேன், ஆனால் நான் சொன்னால் போன வாரத்தை நினைத்துக்கொண்டு எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த கோடையில் அவை மறுபடியும் முட்டை வைத்தால் மேட்டுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு விட வேண்டும், வானிலை அறிக்கையில் எதைப் பார்த்துப் பலகையைத் தொட வேண்டும், இதையெல்லாம் இந்தப் பூந்தமல்லியில் எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. கூடு முழுகிப் பார்த்தவள் நீ ஒருத்திதான். கூடு முழுகாத ஆளிடம் கேட்டால் எனக்கு நம்பிக்கை வராது.

ஆகையால் இதற்கெல்லாம் விவரமாகப் பதில் எழுது, ஆனால் வெறும் தாளில் எழுதினால் ரகுநாதன் மதிக்க மாட்டார், மனிதர் முப்பத்தைந்து வருஷம் சீல் வைத்த காகிதத்துக்கு மட்டும் தலையாட்டிப் பழகியவர். உங்கள் சரணாலயத்தின் பெயர் அச்சடித்த தாளில் எழுது, கீழே உன் கையெழுத்து, கையெழுத்துக்குக் கீழே உன் பதவி, அதற்கு மேலே முத்திரை. அக்டோபருக்கு முன்னால் ஒரு கடிதம், தை மாதம் தண்ணீர் குறையும்போது ஒன்று, கோடையில் அவை வந்ததும் ஒன்று, வருஷத்துக்கு மூன்று கடிதமாவது வேண்டும். வேலையை விட்டுவிட்டவள் கையெழுத்து இங்கே செல்லாது, சங்கத்தில் தீர்மானமே போட்டிருக்கிறார்கள், சரி, தீர்மானம் இன்னும் போடவில்லை, இந்த ஞாயிறு போட வைத்துவிடுவேன்.

உன் சாச்சி துஆ சொல்லச் சொன்னாள், ஐந்து வேளையும் உன் பெயரைச் சொல்லித்தான் கை ஏந்துகிறாள். சைமா வங்கித் தேர்வு எழுதியிருக்கிறாள், நன்றாக எழுதினேன் என்று என்னைப் போலவே சொல்கிறாள், அதனால் எனக்குக் கவலையாக இருக்கிறது. குளிர்த் தண்ணீரில் நிற்கும்போது அந்த நீளப் பூட்ஸுக்குள் கம்பளிக் காலுறை இரண்டு போடு, சளி பிடித்தால் மிளகு போட்டுக் கொதிக்க வை, மாத்திரையை மட்டும் நம்பாதே. விடுமுறை கிடைத்தால் வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, ஆனால் விடுமுறையில் வா. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் மன தைரியமும் நல்ல அமாவாசைகளும் தருவானாக. பத்தாம் தேதிக்கு முன்னால் போனை எடு, எடுக்காவிட்டால் நான் தினம் ஒன்பது தடவை போடுவேன், எனக்கு வேலை ஒன்றும் இல்லை, பட்டறையில் நிலைக்குக் கேட்டவர்கள் எல்லாம் என்னை இப்போது ஏரிக்காரர் என்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் சாச்சா,
நூர் முகமது,
பலகைப் பொறுப்பு, சித்தேரி.